ஒரே வித்வானைப் பின்தொடர்ந்து ஒரு மார்கழி சீசன்: முழுமையான வழிகாட்டி

பிடித்த கர்நாடக இசைப் பாடகர் ஒருவரை சென்னை டிசம்பர் சீசனில் சபா சபாவாக (சபா என்பது கச்சேரி நடத்தும் அமைப்பு) தொடர்ந்து கேட்டு, கேட்டதை நண்பர்களுக்கு எழுதிப் பகிர நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். புதிதாக வருபவர்கள் பலரும் வேலைகளின் வரிசையில்தான் தடுமாறுகிறார்கள். டிக்கெட்டை வாங்கிவிட்டு அட்டவணையைப் பார்ப்பார்கள். கருத்தை எழுதிவிட்டு அப்புறம் ராகத்தைத் தேடுவார்கள். வரிசை சரியாக இருந்தால் இசை ஞானம் கொஞ்சம் குறைவாக இருந்தாலும் சமாளித்துவிடலாம்.

வாய்ப்பாட்டை மனதில் வைத்தே எழுதியிருக்கிறேன். வீணை, புல்லாங்குழல் கச்சேரிகளுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

1. முன்கூட்டியே தயாராக வேண்டியவை

சட்டைப்பையில் அடங்கும் நோட்டு ஒன்று, பேனா இரண்டு. கைப்பேசியில் குறிப்பு எடுக்கலாமே என்று தோன்றும். இருட்டு அரங்கில் அந்தத் திரை வெளிச்சம் பின்வரிசைக்காரரின் கண்ணைக் குத்தும், நடுவில் வாட்ஸாப் செய்தி வந்து உங்கள் கவனமும் போய்விடும். நோட்டுதான் நல்லது.

குளிர்சாதன அரங்குகளில் இரண்டரை மணி நேரம் உட்கார வேண்டியிருப்பதால் சால்வை ஒன்று இருக்கட்டும். கேன்டீனில் கூட்டம் நெரியும்போது உதவ, கொஞ்சம் சில்லறை நோட்டுகளும்.

காதுக்கும் தயாரிப்பு உண்டு. சீசனுக்கு ஒரு மாதம் முன்பே உங்கள் வித்வானின் பழைய பதிவுகளைக் கேட்கத் தொடங்குங்கள். கூடவே தோடி, கல்யாணி, காம்போதி, பைரவி, சங்கராபரணம், கரகரப்ரியா ஆகிய ஆறு ராகங்களையும் ஆலாபனையிலேயே (பாட்டுக்கு முன் சொற்களில்லாமல் ராகத்தை விரித்துப் பாடுவது) அடையாளம் காணப் பழகிக்கொள்ளுங்கள். கச்சேரியின் மெயின் உருப்படி, அதாவது மிக விரிவாகப் பாடும் பாட்டு, இவற்றில் ஒன்றாக அமைவது மிகச் சாதாரணம். மெயின் ராகம் பிடிபடாமல் ஒன்றேகால் மணி நேரம் உட்கார்ந்திருப்பது பெரிய வேதனை.

2. அட்டவணையை ஒரே தாளில் கொண்டுவாருங்கள்

டிசம்பர் சீசன் என்று பெயர்தான். சில சபாக்கள் நவம்பரிலேயே தொடங்கிவிடும், சில பொங்கல் வரை இழுக்கும். எனவே மியூசிக் அகாடமி பட்டியலை மட்டும் பார்த்துவிட்டு இவ்வளவுதான் என்று நினைக்க வேண்டாம். பாடகரின் சமூக ஊடகப் பக்கம், சபாக்களின் அறிவிப்புகள், நாளிதழ் விளம்பரங்கள் ஆகிய மூன்றையும் பார்த்து உங்கள் கையாலேயே ஒரு பட்டியல் எழுதுங்கள்.

தேதி, சபா, அரங்கம், நேரம், பக்கவாத்தியம், டிக்கெட் என்று ஆறு கட்டங்கள் போதும். சபாவையும் அரங்கையும் தனித்தனியாக எழுதச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பல சபாக்களுக்குச் சொந்த அரங்கம் கிடையாது. பெயர்களும் குழப்பும்: பிரம்ம கான சபா வேறு, தியாக பிரம்ம கான சபா வேறு. இரண்டாவதை ஊரார் வாணி மகால் என்பார்கள், அது தி.நகர் ஜி.என். செட்டி சாலையில் இருக்கிறது. ஆட்டோவில் ஏறி ‘பிரம்ம கான சபா’ என்று மட்டும் சொன்னால் எங்கே இறங்குவீர்கள் என்பது உங்கள் அதிர்ஷ்டம்.

பக்கவாத்தியக் கட்டத்தை (பாடகரோடு வயலின், மிருதங்கம் முதலியவை வாசிப்பவர்கள்) காலியாக விடாதீர்கள். அடுத்த படியில் எதைக் கேட்பது என்று தேர்ந்தெடுக்க அது வேண்டும்.

எல்லாப் பாடகரும் எல்லா சீசனிலும் பாடுவார்கள் என்று நம்பி ரயில் டிக்கெட் எடுக்காதீர்கள். டி.எம். கிருஷ்ணா 2015-இல் டிசம்பர் சீசனில் பாடுவதில்லை என்று முடிவெடுத்து, பல ஆண்டுகள் அப்படியே இருந்தார். அட்டவணை வெளியான பிறகும் தொண்டை கட்டும், மிருதங்கக்காரர் மாறுவார். கச்சேரிக்கு முந்தைய மாலை ஒருமுறை சரிபார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

3. எதற்குப் போவது, எதை விடுவது

புகழ்பெற்ற பாடகர் என்றால் சீசனில் அவருக்கு நிறையக் கச்சேரிகள் இருக்கும். எல்லாவற்றுக்கும் போகலாம்தான், ஆனால் நான் சிபாரிசு செய்யமாட்டேன். மூன்றாவது நாளே காது மரத்துவிடும். நான்காவது நாள் குறிப்பில் ‘நன்றாக இருந்தது’ என்பதற்கு மேல் எதுவும் இருக்காது.

ஒன்றுக்கொன்று வேறுபடும் கச்சேரிகளாகப் பொறுக்கி எடுங்கள். முதலில் பார்க்க வேண்டியது பக்கவாத்தியம். ஒரே பாடகர் இரண்டு வயலின் வித்வான்களோடு பாடும்போது ஆலாபனையின் போக்கே மாறும். வயலின் பதிலில் புதுப்பிடி (சின்ன ராகத் துணுக்கு) ஒன்று விழுந்தால் பாடகர் அதை எடுத்துக்கொண்டு ஸ்வரத்தில் விளையாடுவார். ஒருவரைப் பின்தொடர்ந்து கேட்பதன் முழுப் பயனும் இந்த ஒப்பீட்டில்தான் இருக்கிறது. ஒரே கூட்டணியோடு நான்கு கச்சேரி கேட்பதைவிட, மாறுபட்ட கூட்டணிகளோடு இரண்டு கேட்பது மேல்.

அடுத்தது இடம். மியூசிக் அகாடமி மேடையில் பலரும் கொஞ்சம் ‘முறையோடு’ பாடுவார்கள், எதிரே முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவர்கள் அப்படி. அதே பாடகர் லஸ்ஸில் உள்ள ராக சுதா அரங்கம் போன்ற சின்ன இடத்தில் சபையோடு பேசிச் சிரித்துக்கொண்டு பாடுவார். பாரிமுனை ராஜா அண்ணாமலை மன்றத்தில் தமிழ் இசைச் சங்கம் நடத்தும் விழாவில் தமிழ்ப் பாடல்கள்தான் என்பதால், அவர் மற்ற இடங்களில் எடுக்காத பாட்டுகளும் அங்கே வரும். பட்டியலில் அது இருந்தால் விடாதீர்கள். திருவான்மியூர் கலாக்ஷேத்ராவின் கூத்தம்பல அரங்கில் ஒருமுறை கேட்பதும் தனி அனுபவம்.

இரண்டு கச்சேரிகளுக்கு நடுவே ஒரு நாளாவது இடைவெளி இருக்கட்டும். அந்த நாள் எழுதுவதற்கு.

4. டிக்கெட்டும் இருக்கையும்

சீசன் டிக்கெட் என்பது ஒரு சபாவின் எல்லாக் கச்சேரிகளுக்கும் சேர்த்து. உங்கள் பாடகர் அங்கே பாடுவது ஒரு மாலை மட்டும். அந்த ஒன்றுக்காகச் சீசன் டிக்கெட் வாங்குவது புதியவர்கள் செய்யும் பெரிய வீண்செலவு. நீங்கள் சபா சபாவாய்ச் சுற்றுகிற ஆள், உங்களுக்கு டெய்லி டிக்கெட்தான்.

அதில் ஒரு சிக்கல் உண்டு. பெரிய சபாக்களில் உறுப்பினர்களும் சீசன் டிக்கெட்காரர்களும் போக மிச்சமிருக்கும் இடங்கள்தான் அன்றாட விற்பனைக்கு வரும். பிரபலமானவர் பாடும் நாளில் அவை சட்டென்று தீர்ந்துவிடும். எந்த சபா இணையத்தில் விற்கிறது, எது கவுன்டரில் மட்டும், எப்போது திறக்கிறது என்பதை டிக்கெட் கட்டத்தில் முன்பே எழுதிவையுங்கள்.

இலவசக் கச்சேரி என்றால் ஒரு மணி நேரம் முன்னால் போய்விடுங்கள். மயிலாப்பூர் கீழமாட வீதியில் பாரதிய வித்யா பவனில் சீசன் தொடக்கத்தில் நடக்கும் இலவசக் கச்சேரிகளுக்குச் சாயங்காலமே இடம் நிரம்பும். முந்தைய கச்சேரிக்கே வந்து உட்கார்ந்துவிடுவது இன்னும் பத்திரம், இளம் பாடகர் ஒருவரைக் கேட்ட மாதிரியும் இருக்கும். கைக்குட்டை போட்டு ஐந்து இருக்கை பிடிக்கும் மாமாக்களோடு சண்டைக்குப் போகாதீர்கள், ஜெயிக்க முடியாது.

தேர்வு செய்ய முடிந்தால் நடுவரிசை, நடைபாதையை ஒட்டிய இருக்கை. ஒலிபெருக்கிக்கு நேர் எதிரே உட்கார்ந்தால் மிருதங்கம் காதைப் பிளக்கும், தம்புரா காணாமல் போகும். முதல் இரண்டு வரிசைகளில் முகபாவம் தெரியும், ஒலிச்சமநிலை கிடைக்காது. பால்கனியை மட்டமாக நினைக்க வேண்டாம். சில அரங்குகளில் ஒலி அங்கேதான் சீராகக் கேட்கும்.

5. பயணமும் கேன்டீனும்

மாலையில் பெரும்பாலும் 4 மணியை ஒட்டி ஒன்று, 6.30 அல்லது 7 மணியை ஒட்டி ஒன்று என்று கச்சேரிகள் இருக்கும். ஒரே நாளில் இரண்டு கேட்பதானால் ஒரே வட்டாரத்துக்குள் கேளுங்கள். டி.டி.கே. சாலையில் அகாடமியும் நாரத கான சபாவும் நடக்கிற தூரம். மயிலாப்பூர் ஃபைன் ஆர்ட்ஸ், ராக சுதா, பவன் எல்லாம் ஒரு வட்டாரம். கிருஷ்ண கான சபாவும் வாணி மகாலும் தி.நகர். மயிலாப்பூரில் நான்கு மணிக் கச்சேரியை முடித்துக்கொண்டு தி.நகருக்கு ஏழு மணிக்குப் போய்விடலாம் என்பது வரைபடம் சொல்லும் கணக்கு. பாண்டி பஜார் பக்கம் மாலை ஆறரைக்குப் போனவர்கள் அதை நம்பமாட்டார்கள். மெட்ரோ வேலைக்காகத் திருப்பிவிடப்பட்ட சாலைகளும் இருக்கலாம், அன்றைய நிலவரத்தைப் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். லஸ் பக்கத்துக்குத் திருமயிலை பறக்கும் ரயில் நிலையமும், ராஜா அண்ணாமலை மன்றத்துக்கு உயர்நீதிமன்ற மெட்ரோ நிலையமும் வசதி.

கேன்டீனுக்குக் கச்சேரிக்கு முன்னால் போங்கள். தனி ஆவர்த்தனம் (பாட்டை நிறுத்தித் தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் பகுதி, சுருக்கமாகத் ‘தனி’) தொடங்கியதும் பாதி அரங்கம் எழுந்து காபிக்குப் போவது சென்னையின் பழைய வியாதி. மிருதங்கம், கடம் வாசிப்பவர்களுக்கு அந்த மாலையில் கிடைக்கும் தனி நேரம் அதுதான். பின்தொடர்ந்து கேட்பவருக்கு நஷ்டமும்கூட: பாடகர் மாறுவதில்லை, மிருதங்கக்காரர்தான் சபாவுக்கு சபா மாறுகிறார். தனியில் உட்காராவிட்டால் ஒப்பிட என்ன மிஞ்சும்?

6. அரங்கில் குறிப்பு எடுப்பது

முழு வேலையிலும் இதுதான் முக்கியம். மற்றதில் கொஞ்சம் முன்பின் ஆனாலும் பரவாயில்லை, இதில் கோட்டை விட்டால் பகிர ஒன்றும் இருக்காது.

பக்கத்தின் மேலே தேதி, சபா, கலைஞர்கள் அனைவரின் பெயர்கள். தம்புரா போடுபவரையும் பின்பாட்டுப் பாடும் சீடரையும் விடாதீர்கள். சீடர் பெயரைக் கச்சேரி முடிந்த பிறகு தேடுவது கஷ்டம், அறிமுகப்படுத்தும்போதே எழுதிக்கொள்ள வேண்டும்.

பிறகு ஒவ்வொரு உருப்படிக்கும் ஒரு வரி. மெயின் உருப்படி என்றால் இப்படி இருக்கும்:

7.42 / பைரவி, ஆ 13 நி, வய 6 / பாலகோபால / தீட்சிதர் / ஆதி, 2 களை / நிர: நீல நீரத / ஸ்வ: குறைப்பு உண்டு / தனி 8.35

ஆ என்றால் ஆலாபனை, வய என்றால் வயலின், நிர என்றால் நிரவல் (பாட்டின் ஒரு வரியையே பலவிதமாக மாற்றிப் பாடுவது) எடுத்த இடம், ஸ்வ என்றால் ஸ்வரம், குறைப்பு என்பது ஸ்வரச் சுற்றுகளைப் படிப்படியாகச் சுருக்குவது, கடைசியில் இருப்பது தனி தொடங்கிய நேரம். நேரம் போடுவதற்குக் காரணம், எது நீளமாக இருந்தது என்பதில் நினைவு நம்மை ஏமாற்றும். பிடித்த தோடி பத்து நிமிடம் பாடியிருந்தாலும் அரை மணி என்று தோன்றும். ‘நீண்ட ஆலாபனை’ என்று எழுதுவதைவிட ‘பதிமூன்று நிமிடம்’ என்று எழுதினால் வாசிப்பவர் தாமே முடிவு செய்துகொள்வார்.

ராகம் சந்தேகம் என்றால் நினைத்ததை எழுதி ஒரு கேள்விக்குறி போடுங்கள். காலியாக விட்டால் வீட்டுக்கு வந்து என்ன நினைத்தோம் என்பதே மறந்திருக்கும். நடுவில் பக்கத்து இருக்கைக்காரரிடம் ‘சார், இது என்ன ராகம்?’ என்று கேட்பதைக் கைதட்டல் வரை தள்ளிப்போடுங்கள். அவர் சொல்வதும் தப்பாக இருக்கலாம் என்பது வேறு விஷயம்.

பாட்டின் முதல் சொல்லை மட்டும் எழுதி விடுவது மிகப் பரவலான தவறு. ‘நின்னுவினா’ என்று குறித்திருந்தால் அது ரீதிகௌளையில் சியாமா சாஸ்திரியா, பூர்விகல்யாணியில் அவரேயா, நவரசகன்னடத்தில் தியாகராஜரா? வேறு சொற்கள் இல்லாமல் கண்டுபிடிக்க முடியாது. பல்லவியிலிருந்து மூன்று சொற்கள், சரணத்திலிருந்து காதில் விழுந்த ஏதாவது ஒரு சொல். தெலுங்கோ சம்ஸ்கிருதமோ தெரியாவிட்டாலும் பாதகமில்லை, கேட்ட ஒலியைத் தமிழில் எழுதுங்கள்.

சரணத்தின் கடைசியில் முத்திரைக்கு (இயற்றியவர் தம் அடையாளமாக வைக்கும் சொல்) காத்திருங்கள். ‘குருகுஹ’ என்று வந்தால் தீட்சிதர், ‘சியாமகிருஷ்ண’ என்றால் சியாமா சாஸ்திரி, ‘ராமதாச’ என்றால் பெரும்பாலும் பாபநாசம் சிவன், பத்மநாபன் பெயர் வந்தால் சுவாதித் திருநாளாக இருக்க வாய்ப்பு அதிகம். தியாகராஜர் தம் பெயரையே வைத்திருப்பார். தீட்சிதர் பல கீர்த்தனைகளில் ராகத்தின் பெயரையும் சாகித்யத்துக்குள் (பாட்டின் சொற்களுக்குள்) ஒளித்துவைத்திருக்கிறார், கவனமாகக் கேட்டால் பரீட்சைக்கு விடையைக் கையில் கொடுத்த மாதிரி.

தாளத்துக்குப் பாடகரின் கையைப் பாருங்கள். ஏழு எண்ணிக்கையில் சுழன்றால் மிஸ்ர சாபு, ஐந்து என்றால் கண்ட சாபு. ஆதி தாளத்தில் ஒவ்வொரு தட்டும் இரண்டு தடவையாக விழுந்தால் இரண்டு களை. ராகம் தானம் பல்லவி (ஒரே வரியை வைத்து விரிவாகப் பாடும் உருப்படி) வந்தால் பல்லவி வரியை முழுவதும் எழுதிவிடுங்கள். அது அந்தக் கச்சேரிக்காகவே அமைத்ததாக இருக்கலாம், எந்தப் புத்தகத்திலும் தேடிக் கிடைக்காது.

கருத்து எழுதப் பக்கத்தின் ஓரத்தில் சின்ன இடம் போதும். அதிலும் ‘அருமை’, ‘பிரமாதம்’ வேண்டாம். ‘மேல் ஷட்ஜத்தில் நின்றபோது வயலின் நிறுத்திவிட்டார்’ என்பது போல நடந்ததை எழுதுங்கள். அருமை என்பதைப் பிறகு எப்போது வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளலாம்.

7. துண்டுச்சீட்டு

பிடித்த பாட்டைக் கேட்டு மேடைக்குச் சீட்டு அனுப்பலாம், வழக்கம்தான். துக்கடா நேரத்துக்கு, அதாவது மெயினுக்குப் பிறகு சின்னப் பாட்டுகள் வரும் பகுதிக்கு, பொருத்தமான பாட்டாக இருக்கட்டும், தனி முடியும் சமயத்தில் போய்ச் சேரட்டும். மெயினாகப் பாட வேண்டிய பெரிய கீர்த்தனையைக் கடைசி இருபது நிமிடத்தில் கேட்பது பாடகரைச் சங்கடப்படுத்தும். ஒரு கச்சேரிக்கு ஒரு சீட்டு. சீசன் முழுக்க அதே பாட்டைக் கேட்டு சீட்டு அனுப்பினால் உங்களை ஞாபகம் வைத்துக்கொள்வார், நீங்கள் விரும்பும் விதத்தில் அல்ல.

8. அன்றிரவே சரிபார்த்தல்

தூங்குவதற்கு முன் பட்டியலைச் செப்பனிட்டுவிடுங்கள். காலையில் பாட்டு வரிசை நினைவிருக்கும், ராகத்தின் சாயல் போயிருக்கும்.

கேள்விக்குறி போட்டவற்றை முதலில் எடுங்கள். குழப்பங்கள் பெரும்பாலும் ஜோடி ஜோடியாகத்தான் வரும்: ஆபோகி – ஸ்ரீரஞ்சனி, ஆரபி – தேவகாந்தாரி, தர்பார் – நாயகி, பைரவி – மாஞ்சி. முதல் ஜோடி சுலபம், ஆபோகியில் நிஷாதம் (‘நி’ ஸ்வரம்) கிடையாது. ஆரபிக்கும் தேவகாந்தாரிக்கும் ஏறுவரிசை இறங்குவரிசையைப் பார்த்துப் பயனில்லை, நடையில்தான் வித்தியாசம்: ஆரபி விறுவிறு, தேவகாந்தாரி நின்று நிதானமாக அசையும். பாட்டின் பெயர் கிடைத்துவிட்டால் ராகம் தானாக வரும். எனவே சாகித்யத்தைத் தேடிக் கண்டுபிடித்து, அதே பாட்டின் பதிவு ஒன்றைக் கேட்டு ஒத்துப்பாருங்கள்.

அப்படியும் தெரியவில்லையா? கேள்விக்குறியோடே பகிருங்கள். தெரிந்தவர் யாராவது திருத்துவார். தப்பான ராகத்தை உறுதியாக எழுதினால் அதை நகலெடுத்து நாலு பேர் பரப்பிவிடுவார்கள்.

9. எழுதிப் பகிர்வது

பாட்டுப் பட்டியல் முதலில், அனுபவம் பிறகு. கச்சேரிக்கு வரமுடியாதவருக்கு உங்கள் பரவசத்தைவிட அன்று என்ன பாடினார் என்பதுதான் அவசரம். பட்டியலை இரவே அனுப்பிவிட்டு, விரிவாக எழுதுவதை அடுத்த நாளுக்கு வைத்துக்கொள்ளலாம். கச்சேரி நடக்கும்போதே பாட்டுக்குப் பாட்டு அனுப்புவது வேண்டாம்.

விரிவாக எழுதும்போது எல்லா உருப்படிக்கும் ஒரு பத்தி ஒதுக்காதீர்கள். இரண்டு இடங்களைத் தேர்ந்தெடுத்து அவற்றை மட்டும் அருகில் போய்ச் சொல்லுங்கள். நீங்கள் பின்தொடர்பவர், உங்களால் மட்டும் சொல்ல முடிந்தது ஒன்று உண்டு: போன வாரம் வாணி மகாலில் இதே காம்போதியைக் கீழ் ஸ்தாயியில் தொடங்கினார், இன்று நேராகப் பஞ்சமத்தில் எடுத்தார் என்பது. ஒரு கச்சேரி மட்டும் கேட்ட விமரிசகருக்கு அது தெரியாது. பழைய நோட்டுப் பக்கங்களைப் புரட்டிக்கொண்டு எழுதுங்கள்.

பக்கவாத்தியக்காரர்களுக்குக் கடைசி வரியில் ‘சிறப்பாக வாசித்தார்கள்’ என்று ஒரே மாலை போடும் வழக்கத்தை விட்டுவிடலாம். வயலின் ஆலாபனையில் கேட்ட ஒரு பிடி, தனியில் நடை மாறிய இடம், ஏதாவது ஒன்றைக் குறிப்பிட்டுச் சொல்லுங்கள். குறையும் எழுதலாம். குரல் சில நாள் ஒத்துழைக்காது, அதைச் சொல்வதில் தப்பில்லை. ஆனால் காரணத்தை ஊகித்து எழுதாதீர்கள், உடம்பு சரியில்லை என்றோ வயதாகிவிட்டது என்றோ. உங்களுக்குக் கேட்டது குரல் மட்டும்தான்.

பதிவு செய்து பரப்புவதைப் பற்றி: பெரும்பாலான சபாக்களில் ஒலி, ஒளிப்பதிவுக்குத் தடை உண்டு. 1994-இல் பதிப்புரிமைச் சட்டத்தில் செய்த திருத்தம் நிகழ்த்துகலைஞருக்குத் தம் நிகழ்ச்சி மீது உரிமை தந்திருக்கிறது. அவர் சம்மதமில்லாமல் துண்டு வீடியோவைப் பொதுவில் போடுவது அந்த உரிமையைத் தொடும் விஷயம். படம் எடுக்க அனுமதித்தால் மங்களத்துக்குப் பிறகு, ஃப்ளாஷ் இல்லாமல் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கச்சேரி முடிந்ததும் மேடையருகே போய்ப் பேச விரும்பினால் இரண்டு வரியில் முடியுங்கள். ‘அந்த நிரவல் இன்னும் காதிலேயே இருக்கு’ என்று சொன்னால் போதும். பின்னால் நாற்பது பேர் நிற்கிறார்கள், அவருக்கு அடுத்த நாளும் கச்சேரி.

10. சீசனுக்குப் பிறகும் தொடர நினைத்தால்

தியாகராஜ ஆராதனைக்குத் திருவையாறு போகலாம். புஷ்ய பகுள பஞ்சமித் திதியைப் பொறுத்து தேதி ஆண்டுதோறும் மாறும், பெரும்பாலும் ஜனவரியில் வரும். அங்கே ஒவ்வொருவருக்கும் கிடைப்பது சில நிமிடங்களே. உங்கள் பாடகரை விரிவாகக் கேட்கும் இடமல்ல அது. தியாகராஜரின் ஐந்து பஞ்சரத்ன கீர்த்தனைகளை எல்லோரும் கூடிப் பாடும் கோஷ்டியில் சேர்ந்து பாடப் போங்கள்.

நீண்ட கச்சேரி வேண்டுமானால் பெங்களூரு சாமராஜப்பேட்டை கோட்டை உயர்நிலைப் பள்ளி மைதானத்தில் ராமநவமியை ஒட்டி நடக்கும் ஸ்ரீராமசேவா மண்டலி விழா நல்ல தேர்வு. பந்தலில் நடப்பதால் சபா குளிர் கிடையாது, வெளிச்சத்தம் உண்டு. உறவினர் யாராவது அமெரிக்காவில் இருந்தால், 1978-இலிருந்து ஒஹையோ மாநிலத்தின் கிளீவ்லாந்தில் நடந்துவரும் ஆராதனை விழாவையும் விசாரித்துப் பாருங்கள். ஈஸ்டரை ஒட்டி நடப்பதால் விமான டிக்கெட் விலை ஏறியிருக்கும். சீசன் நோட்டை மூடிவைப்பதற்கு முன்பே அதற்கான தேதியைப் பார்த்துவிடுவது நல்லது.